பெருக்கக் கூடாத தோட்டம்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புகை வாசனை வந்தது. ஈரச் சருகு எரிகிற வாசனை. யாரோ வயலில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அருப்புக்கோட்டையில் வாங்கிய பைகளைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தபடி எங்கள் தோட்டத்துப் பாதையில் நடந்தேன்.

வேலிப் படலைத் திறந்தால் என் நாத்தனார் பாக்கியம் நிற்கிறாள். சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு கட்டி, கையில் விளக்குமாறு. முகமெல்லாம் கரி, வியர்வை, சிரிப்பு. அவளுக்குப் பின்னால், கிணற்றைச் சுற்றி நிற்கும் மரங்களின் அடியில் ஓர் இலை கிடையாது. விளக்குமாறு இழுத்த வரிகள் மட்டும் மண்ணில் கிடந்தன. ஓரத்தில் சருகுக் குவியல் ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

“எப்படி இருக்கு மதினி? கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கிட்டேன்ல?”

பள்ளிக்கூட மைதானத்தில் காலமெல்லாம் விசில் ஊதிப் பிள்ளைகளை மேய்த்தவள் நான். தப்பைக் கண்டால் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுவேன். அன்று கேட்கவில்லை.

“பளிச்சுனு இருக்கு பாக்கியம்” என்றேன்.

அதற்குமேல் என்ன சொல்ல? அந்த மரத்தடிக்குத் தினமும் காலையில் ஒரு விருந்தாளி சாப்பிட வருகிறார். அவருடைய பந்தியை இவள் அப்படியே சுருட்டித் தீ வைத்துவிட்டாள். அதிலும் அந்த விருந்தாளி என்னைத் தேடி வருகிறவர் இல்லை, என் வீட்டுக்காரருடைய ஆள். வீட்டுக்காரர் திருச்சுழிக்குப் போயிருந்தார். பொழுது சாய வந்துவிடுவார்.

சருகுக்காரர்

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் கோழிகளைப் பற்றி எழுதியிருந்தேன். “டீச்சருக்குக் கோழியைத் தவிர வேறு பறவை தெரியாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தெரியும் ஐயா. இன்னும் ஒன்றே ஒன்று தெரியும். ஆனால் அதைத் தெரிந்த அளவுக்கு என் சொந்தக்காரர்களைக்கூட எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை நன்றாக இறங்கிய பிறகு அது வரும். மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. பழுத்த பனம்பழத்தைப் பிய்த்தால் உள்ளே ஒரு நிறம் இருக்குமே, தலையும் நெஞ்சும் அந்த நிறம். முதுகு சாம்பல் கலந்த நீலம். இறக்கையில் வெள்ளையாக ஒரு தீற்றல். கன்னமும் வெள்ளைதான். அதில் மேலிருந்து கீழாக இரண்டு கறுப்புக் கோடுகள், அழுது மை வழிந்த மாதிரி.

இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்து காட்டிக்கொள்ளாது. தரையில்தான் குடித்தனம். அதுவும் அடர்ந்த நிழலில். ஒரு சருகை அலகால் கவ்வி விசிறி எறியும். சரக். அடுத்த சருகு. சரக். பிறகு அப்படியே நிற்கும். நான் அட்டென்ஷன் சொல்லி எத்தனையோ பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஒருவர்கூட அப்படி நின்றதில்லை. நீங்கள் மூச்சு விட மறந்த நேரத்தில் அது குனியும், நிமிரும். அலகில் ஒரு மண்புழு நெளியும்.

பெயர் தெரியாததால் என் வீட்டுக்காரர் அதற்குச் சருகுக்காரர் என்று பெயர் வைத்தார். நிஜப் பெயரைச் சொன்னவர் பக்கத்துத் தோட்டத்து சிக்கந்தர் பாய். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, அருப்புக்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சம்பாதித்ததில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே சாமான் ஒரு நீளமான கேமரா. அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, எங்கள் இலுப்பை மரத்துக்குப் பின்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், இது செந்தலைப் பூங்குருவி. மலைக்காட்டுல இருக்குற ஜாதி. மழையும் பனியும் முடியுற வரைக்கும்தான் கீழ எறங்கித் திரியும். இந்த வேலிக்கருவைச் சீமையில இதுக்கு என்ன சோலின்னுதான் எனக்கு வெளங்கல” என்றார்.

எனக்கு விளங்கியது. சொல்கிறேன்.

எங்கள் ஊரில் காடு என்றால்

எங்கள் பரளச்சிப் பக்கம் வந்து யாரையாவது தேடினால், “காட்டுக்குப் போயிருக்காக” என்பார்கள். புலியைப் பிடிக்கப் போயிருக்கிறார் என்று பயந்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் காடு என்றால் உழுது விதைத்த நிலம். கம்பங்காடு, பருத்திக்காடு, மல்லிக்காடு. மரம் நெருங்கி நின்று நிழல் விழுகிற இடத்துக்கு எங்களிடம் தனியாகப் பெயரே இல்லை. பெயர் வைக்கிற அளவுக்கு அது இருந்தால்தானே?

இருப்பதெல்லாம் சிக்கந்தர் பாய் சொன்ன வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம். அதன் இலை அரிசி மாதிரிப் பொடிப்பொடியாக உதிரும். காற்றடித்தால் பறந்துவிடும். அதைப் புரட்டி எந்தக் குருவி சாப்பிட? அடியில் ஒரு பூச்சி ஒதுங்க இடமில்லை, ஈரம் நிற்பதில்லை.

எங்கள் தோட்டம் வேறு மாதிரி. என் மாமனார் கிணற்றைச் சுற்றி இலுப்பை, நாவல், அத்தி, பூவரசு, புங்கை என்று கண்டதையும் நட்டு வைத்துவிட்டுப் போனார். எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து வளர்ந்துவிட்டன. உச்சி வெயிலில்கூட அடியில் மங்கலாகத்தான் இருக்கும். அகல அகலமான இலைகள் விழுந்து ஒன்றன்மேல் ஒன்றாக மட்கி, மெத்தை போல் கிடக்கும். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்கும். நத்தை, கரையான், மண்புழு, பெயர் தெரியாத வண்டுகள் எல்லாம் அந்த மெத்தைக்குக் கீழேதான். அத்தி பழுத்தால் கீழே விழுந்த பழமும் உண்டு. மலையிலிருந்து இறங்கி வருகிற வழியில் மேலிருந்து பார்க்கிற பறவைக்கு, இந்த வெளுத்த சீமையில் எங்கள் கிணற்றடி மட்டும் பச்சையாகத் தெரியும்போல.

ஆரம்பத்தில் நாங்களும் இந்த ஊர்க்காரர்கள் செய்கிற தப்பையே செய்தோம். பறவை என்றால் கம்பு தின்னும் என்று தினமும் ஒரு கை கம்பு தூவினோம். புறா வந்தது, அணில் வந்தது, பக்கத்து வீட்டுக் கோழிகள் குடும்பத்தோடு வந்தன. சருகுக்காரர் மட்டும் கம்பைக் காலால் தொடவில்லை. அதன்மேல் ஒரு சருகைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தோட்டத்தில் விளக்குமாறு எடுப்பதை நிறுத்தினேன். வருகிறவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். “டீச்சருக்கு வயசாயிருச்சு, குனிய முடியல” என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். பேசட்டுமே. ஊருக்குப் பயந்து பெருக்குகிற ஆள் நான் இல்லை.

பேசாத மனிதர்

என் வீட்டுக்காரர் அரசு பஸ் ஓட்டியவர். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று பஸ்ஸில் எழுதி வைத்திருப்பார்களே, அதை வீட்டுக்கும் சேர்த்து எழுதியதாக நினைத்துக்கொண்ட மனிதர். கல்யாணமான புதிதில் இவருக்குப் பேச்சு வருமா என்று நான் மாமியாரிடமே கேட்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் நெஞ்சில் ஒரு சிகிச்சை நடந்தது. காலையில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருங்கள் என்றார் டாக்டர். இது வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தாராம்? இருந்தாலும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரங்களுக்கு எதிரே வேம்படியில் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் சருகுக்காரர் அவர் கண்ணில் பட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்தால் ‘வடிவு, வடிவு’ என்று என்னைக் கூப்பிட்டு ஒரே பேச்சு. “இன்னைக்கு நத்தைய கல்லுல போட்டுத் தட்டுச்சு வடிவு.” “இன்னைக்கு அத்திப்பழம் எடுத்துச்சு.” “ஒரு சருகு இந்தா பெருசு. குருவியவிடப் பெருசு. தூக்கி எறிஞ்சுருச்சு.” நான் தோசைக் கரண்டியோடு நின்று கேட்பேன். எனக்கு அந்தக் குருவிமேல் கொஞ்சம் பொறாமையே வந்தது. ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அந்த மனிதரை எனக்குத் திருப்பித் தந்ததே அந்தக் குருவிதான். அது வராத சித்திரை, வைகாசியில் அவர் மறுபடி பஸ் ஓட்டுநர் ஆகிவிடுவார்.

பேசாத மனிதருக்குக் கோபம் வந்தாலும் பேச மாட்டார். எழுந்து போய்விடுவார். அப்படி ஒரு தடவை எழுந்து போனதில்தான் எங்களுக்கும் பாக்கியத்துக்கும் முறிந்தது.

யார் மடியில் பிள்ளை

பாக்கியத்தின் மகள் நித்யா கைக்குழந்தையாக இருந்தபோது, நரிக்குடிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என் வீட்டுக்காரர். சீர்த் தட்டுகளோடு வேன் பிடித்துக் கிளம்பினோம். வழியில் மழை. கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேனின் சக்கரம் மண்ணை உருட்டி உருட்டி உரல் மாதிரி ஆகி, நின்றே போனது.

தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றோடு கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை காதில் தோட்டோடு அழுதுகொண்டிருந்தது. நல்ல நேரம் போகிறது என்று பாக்கியத்தின் மாமனார் வீட்டார் அவசரப்படுத்தி, அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் மடியில் உட்கார்த்திக் குத்திவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சீர்த் தட்டுகளை இறக்கி வைத்தார். பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி நடந்துவிட்டார்.

‘கொஞ்ச நேரம் காத்திருக்க முடியவில்லையா?’ என்பது இவர் வருத்தம். ‘அத்தனை பேர் முன்னால் சாப்பிடாமல் போய் என் தலையைக் குனிய வைத்துவிட்டாரே’ என்பது அவள் வருத்தம். இரண்டும் நியாயம்தான். அதனால்தான் தீரவே இல்லை. அதன்பின் நல்லது கெட்டதுகளில் ஒரே பந்தலில் நிற்பார்கள், ஆனால் ஆளுக்கொரு மூலையில்.

வருடங்கள் போய்விட்டன. இந்தக் கார்த்திகை முடிகிற சமயம், ஒரு பையோடு பாக்கியம் படலைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சாப்பிட்டியா?” என்றார் இவர்.

“இல்லண்ணே” என்றாள்.

அவ்வளவுதான். நித்யாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்பதை என்னிடம் அடுப்படியில் வைத்துத்தான் சொன்னாள்.

“மாமன் மேடையேறி நிக்கணும் மதினி. அதைக் கேக்கத்தான் வந்தேன். வாய் வர மாட்டேங்குது.”

“நான் கேக்கட்டா?”

“வேண்டாம். நானா கேட்டு அவுகளா சரின்னு சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

அப்படி அவள் வாயைத் திறக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். பிறந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் விருந்தாளி. விளக்குமாற்றை எடுத்தால்தான் அந்த வீட்டுப் பெண். எங்கள் பக்கத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, செய்வார்கள். நாங்கள் இருவரும் இல்லாத நேரம் பார்த்து, தனி ஆளாக, இடுப்பு ஒடிய அவள் அதைச் செய்திருந்தாள். அண்ணன் வந்து பார்த்து மனம் குளிர வேண்டுமாம்.

ஒரு லோடு சருகு

மறைத்துப் பயனில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு, உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். குருவியை, நாற்காலியை, டாக்டரை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“பூச்சி பொட்டு கெடக்கும், ராத்திரி அண்ணன் கால வச்சுருவாகன்னு பயந்துல்ல கூட்டுனேன்!” என்றாள். எங்கள் பக்கத்தில் பூச்சி என்றால் பாம்பு. சுருட்டை விரியன் இல்லாத காடு இங்கே கிடையாது. அவள் பயமும் நியாயம்தான்.

பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “நான் இந்த வாசல மிதிச்சாலே ஒண்ணு ஆகிப்போகுது. அவுக வாரதுக்குள்ள போறேன் மதினி.”

என் சாவிக் கொத்தில் இன்னும் பழைய விசில் தொங்குகிறது. எடுத்து ஊதினேன். கிணற்றுக்குள் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. பாக்கியம் பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“பைய உள்ள வையி. பொளுது கெடக்கு. சருகு கொண்டுவருவோம்.”

முதலில் குவியலில் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். கிளறிப் பார்த்தால் கரியும் சாம்பலும்தான். அதில் எந்தப் புழு குடியிருக்கும்?

“ஐயனார் கோயில் மரத்தடியில மலையாட்டம் கெடக்குமே மதினி!” என்றாள் பாக்கியம். சொன்ன மறுநொடியே இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அங்கிருந்து ஒரு சுள்ளியைக்கூட யாரும் வெளியே எடுத்து வர மாட்டார்கள். பொங்கல் வைத்து மிஞ்சிய விறகைக்கூட அங்கேயே போட்டுவிட்டு வருவதுதான் வழக்கம்.

சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டேன். அவர் கடையின் குட்டியானை வண்டி இரும்புக் கம்பி இறக்கிவிட்டு ஊருக்குள் சும்மா நின்றது. “என்ன லோடு டீச்சர்?” என்று கேட்டார். சருகு என்றேன். “குருவிக்கா?” என்றார். விவரம் தெரிந்த மனிதர். வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஊருணிக் கரையில் ஓர் ஆலமரம் உண்டு. அதற்கடியில் யாரும் அள்ளாத பழைய சருகு மட்கிக் கிடந்தது. நானும் பாக்கியமும் சாக்குச் சாக்காக அள்ளினோம். எதிரே டீக்கடையில் இருந்தவர்களுக்குப் பொழுது போனது.

“என்ன டீச்சர், குப்பைய ஏத்திக்கிட்டு எங்க?”

“சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டு போறோம். நீங்களும் வாரீகளா?”

பாக்கியம் அப்போதுதான் மறுபடி சிரித்தாள். தலையிலிருந்து ஆலஞ்சருகு ஒன்று உதிர்ந்தது.

தோட்டத்தில் கொட்டி விரித்தோம். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விருந்துக்கு இலை போட்டால் போதுமா, சோறு வேண்டாமா? பழைய மெத்தைக்குக் கீழே இருந்த உயிர்களெல்லாம் வெந்து போயிருந்தன.

“கரையான் பானை வச்சா என்ன?” என்றாள் பாக்கியம்.

கோழி வளர்க்கிற எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது பழகிய வேலை. ஓட்டைப் பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்து, தரையில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறிவிடும். கோழிக்குஞ்சுக்கு அதைவிடத் தீனி இல்லை. குஞ்சு தின்பதைக் குருவி தின்னாதா? வீட்டிலிருந்த பழைய பானைகளையெல்லாம் மரத்தடியில் ஆங்காங்கே கவிழ்த்தோம். அப்போது படல் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது.

இவர் வந்து நின்றார். கரிந்த குவியலைப் பார்த்தார். ஆலஞ்சருகைப் பார்த்தார். தலையெல்லாம் தூசியாக நின்ற எங்கள் இருவரையும் பார்த்தார்.

“யாரு?” என்றார்.

நான் வாயெடுப்பதற்குள், “நாந்தாண்ணே. தெரியாமக் கூட்டிட்டேன்” என்றாள் பாக்கியம்.

இவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். தோசையை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். சாப்பிட்டார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. பாக்கியம் கதவோரம் நின்று, அவர் கடைசி விள்ளலை எடுத்து வாயில் போடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காத்திருந்தவர்கள்

மறுநாள் காலை நாற்காலி வேம்படிக்குப் போனது. பாக்கியமும் பின்னாலேயே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறும்வரை இருந்தார்கள். குருவி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. வீட்டிலிருந்து போன் மேல் போன். பத்திரிகை வைக்கப் போக வேண்டும், பந்தல்காரன் வந்து நிற்கிறான்.

“அந்தக் குருவி வராம நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பஸ் ஏறுவேன்?” என்றாள்.

“அண்ணன்ட்ட இன்னும் கேக்கலையா?”

“கெடுத்தவ நானு. கெடுத்த எடத்துலயே ஒக்காந்துக்கிட்டு, கல்யாணத்துக்கு வாங்கன்னு எப்படிக் கேக்குறது மதினி? அது வரட்டும். வந்த அன்னைக்குக் கேட்டுட்டு, அன்னைக்கே கெளம்பிருவேன்.”

நானும் நாத்தனாரின் பிடிவாதத்துக்கு முன்னால் தோற்று நின்றேன். என் வீட்டுக்காரரிடம் கல்யாணத்தையும் அவள் போட்ட கெடுவையும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தால், அவர் பிடிவாதத்திலும் அவளுக்கு அண்ணன். “அவளா கேக்கட்டும்” என்றார். இந்த வீட்டு ரத்தத்துக்கு முன்னால் விசிலெல்லாம் செல்லாது. ஒரு குருவியின் கையில் ஒரு கல்யாணம் மாட்டிக்கொண்டு நின்றது.

மலைப்பக்கம் போயிருக்குமோ? பசியில் எங்கேயாவது விழுந்திருக்குமோ? நான் யாருக்கும் தெரியாமல் குலசாமிக்கு வேண்டிக்கொண்டேன். குருவிக்காக வேண்டிக்கொண்ட ஒரே உடற்பயிற்சி ஆசிரியை நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்? முதலில், “வராதோ?” “தெரியல.” அப்புறம், “காலு வலி எப்படி இருக்கு?” “அதுக்கென்ன, இருக்கு.” பிறகு அவள் வீட்டுக்காரருக்கு வந்த சர்க்கரை, இவருடைய மாத்திரை, அவள் கோழிகளுக்கு வந்த நோய். என் அடுப்படி ஜன்னலுக்கு அந்தப் பேச்சு நாளுக்கு நாள் சத்தமாக வந்தது. ஒரு நாள் இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கையிலிருந்த பாலை அடுப்பில் வைக்க மறந்து நின்றேன்.

காதுகுத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கல்யாணத்தைப் பற்றியும்தான்.

மார்கழி பிறந்து பனி இறங்கத் தொடங்கியது. ஒரு காலை இரண்டு டம்ளர் காபியோடு வேம்படிக்குப் போனேன். போகும்போதே கேட்டுவிட்டது. சரக். நின்றேன். சரக்.

ஒரு கரையான் பானைக்குப் பக்கத்தில், ஆலஞ்சருகின்மேல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பனியில் அந்த நிறம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. குனிந்தது. சருகை எறிந்தது. எதையோ எடுத்து விழுங்கியது. நாற்காலிக்கும் அதற்கும் நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. சிறுபிள்ளைகூடக் காட்டிவிடும்.

பாக்கியம் எழுந்திருக்கப் போகிறவள் போல் கையைத் தரையில் ஊன்றியிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது. கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டுமே.

“வந்துருச்சா?” என்றேன் மெதுவாக.

என் வீட்டுக்காரர் குருவியை நேராகப் பார்த்தபடி, நிதானமாகச் சொன்னார்.

“இல்ல. இன்னைக்கும் வரல.”

பாக்கியம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க டம்ளர்களைக் கீழே வைத்தேன்.

“ஆமா மதினி” என்றாள். “இன்னும் வரல.”

சரக், என்றது மரத்தடி.

“அண்ணே” என்றாள் பாக்கியம். “தையில நித்யாவுக்குக் கல்யாணம். தாய்மாமனா நீங்க மேடையில வந்து நிக்கணும்.”

“நான் நிக்காம வேற எவன் நிப்பான்?” என்றார். காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, அவர் பஸ் ஓட்டிய காலமெல்லாம் சேர்த்து வைத்திருந்த அதிகாரத்தோடு சொன்னார்.

“அதுக்காக இன்னைக்கே கெளம்பிறாத. குருவி வரட்டும். பாத்துட்டுப் போகலாம்.”